ஒரு பிள்ளைக்கு ஒரு புளியங்கொட்டை

இலங்கைக்கு நான் ஒரே ஒரு தடவதான் போயிருக்கேன். போறவங்க சேலை கொண்டு போவாங்க, கருவாடு கொண்டு போவாங்க. நான் கொண்டு போனது ரெண்டு படி புளியங்கொட்டை. அங்க வெள்ளைக்காரன் கொடியை இறக்கி நாலஞ்சு வருஷம் ஆயிருந்த நேரம். எனக்குப் பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்னே தெரியாது, அதனால நான் சொல்லச் சொல்ல என் மக செல்வி எழுதுறா. சில விஷயம் முன்னப் பின்ன வரும். எனக்கு அப்படித்தான் ஞாபகம் வருது.

அப்ப நான் மெட்ராஸ்ல ஒரு டாக்டரம்மாகிட்ட வேலையில இருந்தேன். பெட்டி தூக்குறது, கடைக்குப் போறது, வெந்நீர் வைக்கிறது. அவங்க பிரசவ டாக்டரு. குட்டையா இருப்பாங்க, ஆனா நடந்தா நான் ஓடணும். ஒருநாள் கூப்பிட்டு, "முத்தையா, புளியங்கொட்டை வாங்கி மூணு பங்கு வையி. ஒரு பங்கு அப்படியே கருப்பா இருக்கட்டும். ஒரு பங்கை ஒரு பக்கம் மட்டும் தேய். இன்னொரு பங்கை ரெண்டு பக்கமும் வெள்ளையாத் தேய்"ன்னாங்க. தாயம் ஆடப் போறாங்களாக்கும்னு நெனச்சேன். ஒரு வாரம் கருங்கல்லுல தேச்சதுல என் விரல் ரேகையே போச்சு.

கப்பல்ல இருந்து இறங்கினதும் சுங்கத்துக்காரரு டின்னைத் திறந்து பாத்தாரு. ஒரு கொட்டையைக் கடிச்சுப் பாத்தாரு. இன்னொருத்தரைக் கூப்பிட்டுக் காட்டினாரு. அவரும் கடிச்சாரு. எதுக்குன்னு என்னைக் கேட்டாங்க, எனக்கே தெரியாதுன்னேன். கடைசியில டாக்டரம்மா இங்கிலீசுல என்னமோ சொன்னதும் ரெண்டு பேரும் கடிச்சதைத் துப்பிட்டு, டின்னை மூடி, கும்பிடாத குறையா அனுப்பி வச்சாங்க.

ரயில்ல போறப்பத்தான் எனக்கு விவரம் சொன்னாங்க. அம்மா வயித்துல நல்லா இருந்துட்டு, வெளிய வர்றப்ப அழாமலே வர்ற பிள்ளைங்க இருக்கு இல்லையா, அது உலகத்துல எத்தனைன்னு யாருக்கும் தெரியாதாம். பெரிய பெரிய நாட்டுல ஏட்டுல எழுதி வைக்கிறாங்க. அவங்ககிட்டயே ஒரு நாடு எழுதுற மாதிரி இன்னொரு நாடு எழுதுறதில்ல. நம்ம மாதிரி ஊருல எழுதுறதே இல்ல. "எழுதாத ஊருல ஒரு பிள்ளையும் அப்படிப் பொறக்கலன்னு ஆயிடும் முத்தையா. அப்புறம் அங்க டாக்டர் எதுக்கு, நர்ஸ் எதுக்குன்னு கேப்பாங்க. கூடுதா குறையுதான்னு பாக்கணும்னா மொதல்ல எண்ணணும்"னாங்க.

சொல்லிட்டு, "உனக்கு எத்தனை பிள்ளைங்க?"ன்னு கேட்டாங்க.

"நாலும்மா. மூத்தவனுக்குப் பன்னெண்டு, அடுத்தவனுக்குப் பத்து, பொண்ணுக்கு ஏழு, கடைக்குட்டிக்கு மூணு"ன்னேன்.

இதை எழுதுறப்ப செல்வி நிமிர்ந்து என்னைப் பாக்குறா. எழுதும்மா, அப்புறம் சொல்றேன்.

வட்டவளை தாண்டினதும் குளிர் சட்டைக்குள்ள கையை விடுது. நம்ம திருச்சிப் பக்கம் மார்கழியிலயும் அப்படிக் குளிராது. ஹட்டன்ல இறங்கி ஒரு நானா கடையில தேத்தண்ணி குடிச்சோம். அங்க முஸ்லிம் கடைக்காரரை நானான்னுதான் கூப்பிடுவாங்க. சீனியைத் தண்ணியில போடாம உள்ளங்கையில வச்சுக் குடுத்தாரு. நக்கி நக்கிக் குடிக்கணுமாம். டாக்டரம்மாவும் ரோட்டுல நின்னு நக்கிக் குடிச்சாங்க. தேயிலை வெளையிற ஊருல இவ்வளவு மோசமான தேத்தண்ணியான்னு நான் முணுமுணுத்தது நானா காதுல விழுந்துருச்சு. "நல்ல தூளெல்லாம் சீமைக்குப் போயிருச்சு தம்பி, நமக்கு கூட்டி அள்ளினதுதான்"ன்னு சிரிச்சாரு.

அந்தக் கடையிலயே கம்பளிக் குல்லா தொங்குச்சு. டாக்டரம்மா என் பிள்ளைங்க வயசைச் சொல்லி அளவு பாத்து நாலு வாங்கினாங்க. பன்னெண்டு வயசுத் தலைக்கு ஒரு சிவப்புக் குல்லா, மேல பஞ்சுக் குஞ்சம் வச்சது. வாங்கிப் பைக்குள்ள வச்சுக்கிட்டேன்.

கொட்டகலையில இருந்து தோட்டத்துக்குப் போன பஸ் பாதி மேட்டுல மூச்சுவாங்கி நின்னுருச்சு. கண்டக்டர் சிங்களத்துல என்னமோ சொன்னாரு, எல்லாரும் சிரிச்சுக்கிட்டே இறங்கினாங்க. பக்கத்துல இருந்தவரு எனக்குத் தமிழ்ல சொன்னாரு: "வண்டிக்கு வயசாயிருச்சு, மேட்டுல அதைச் சுமக்க விடாதீங்க, கூட நடங்கன்னு சொல்றாரு." நடந்தோம். மேட்டு மேல போனதும் பஸ் எங்களுக்காக நின்னுச்சு. பாக்குறதுக்கு முன்னாடி என் காலுல மூணு அட்டை. நம்ம ஊரு அட்டை கொளத்துல இருக்கும். இது புல்லு நுனியில நின்னு ஆளுக்குக் கை நீட்டுது.

தோட்டத்துல எங்களுக்கு ஒரு காலி வீடு குடுத்தாங்க. கொழும்புல வெள்ளைக்காரன் போயிருந்தாலும் தோட்டத்துல துரை இன்னும் போகல. அவரு சரின்னு தலையாட்டி, தோட்டத்து மருந்தய்யாவை எங்ககூட அனுப்பினாரு. மாத்திரை குடுக்கிறது, புண்ணுக்கு மருந்து போடுறது அவரு வேலை. வந்ததுமே, "எங்க தோட்டத்துல அதெல்லாம் கெடையாதுங்க, ரொம்ப சுத்தம்"னாரு.

எண்ணுற வழி இதுதான். ஒரு அறையில தடுப்பு கட்டி, உள்ள ஒரு மண்சட்டி. வெளிய நான் முறத்துல கொட்டையைப் பிரிச்சு வச்சுக்கிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி உக்காந்திருக்கணும். கொடி மாத்தினதுக்கு அப்புறம் பெத்த பிள்ளை மட்டும் கணக்கு. உசுரோட இருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கருப்பு. அழுதுட்டு அப்புறம் போன பிள்ளைக்கு ஒரு பக்கம் தேச்சது. அழாமலே பொறந்ததுக்கு வெள்ளை. எடுத்துக்கிட்டு உள்ள போயி சட்டியில போட்டுட்டு வந்துரணும். யாரு எதைப் போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது.

"கொடி மாத்தினது ஞாபகம் இருக்கா?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. ஒரு அம்மா பட்டுன்னு சொல்லுச்சு: "நல்லாவே இருக்கு. மிட்டாய் குடுத்தாங்க. அப்புறம் எங்க ஓட்டைப் பிடுங்கினாங்க."

தோட்டத்துல மேல ஒரு பிரிவு, கீழ ஒரு பிரிவு. மேப்பிரிவுல ரெண்டு நாள் நல்லாப் போச்சு. சட்டியில கருப்பும் விழுந்துச்சு, வெள்ளையும் விழுந்துச்சு. ஒரு பொண்ணு வெள்ளையை எடுத்து ரொம்ப நேரம் கையிலயே வச்சிருந்துட்டு, "இதை நான் வச்சுக்கலாமா, வேற ஒண்ணு போடுறேன்"னு கேட்டுச்சு. வச்சுக்கம்மான்னேன்.

மூணாம் நாள் கீப்பிரிவு. அங்க எனக்கு ஒரு அக்கா கெடச்சுச்சு. பேரு காத்தாயி, அம்பத்தஞ்சு வயசு இருக்கும். அவங்க அப்பாரு முசிறிப் பக்கம், நான் லால்குடிப் பக்கம். இது போதாதா? "காவேரித் தண்ணி குடிச்ச வாயி, கட்டச்சம்பல் தாங்குதான்னு பாப்போம்"னு ரொட்டியும் சம்பலும் வச்சாங்க. கண்ணுல தண்ணி ஊத்துது, ஆனா கை நிக்கல. அந்தப் பிரிவுல பொறக்குற பிள்ளையெல்லாம் காத்தாயி அக்கா கையிலதான் விழும். அவங்க மருமக பாக்கியம் அப்ப மாசமா இருந்துச்சு, நெறமாசம். காலு ரெண்டும் வீங்கிப் போயிருந்துச்சு. அதோட நாலு வயசு மக பிள்ளைக் காம்பராவுக்குப் போகும். பிள்ளைக் காம்பரான்னா, தாயிங்க மலையில கொழுந்து எடுக்கிறப்ப சின்னப் பிள்ளைங்களையெல்லாம் விட்டுட்டுப் போற எடம். ஒரு ஆயா பாத்துக்கும்.

அன்னைக்கு எல்லாரும் வந்து சட்டியில போட்டாங்க. நான் முகத்தைத் திருப்பித்தான் இருந்தேன், ஆனா முறத்துக்கு வர்ற கை கண்ணுல படாம இருக்குமா? பாக்கியத்தோட கை எனக்குத் தெரியும், ரெண்டு பச்சை வளையல், விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. அந்தக் கை மூணு கருப்பு எடுத்துச்சு.

சட்டியைக் கவுத்தா, கருப்பு குவியலா கெடக்கு. ஒரு பக்கம் தேச்சது நாலோ அஞ்சோ. வெள்ளை ஒண்ணுகூட இல்ல.

மருந்தய்யாவுக்கு முகமெல்லாம் பல்லு. டாக்டரம்மா குவியலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. "இருக்கவே முடியாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா மேப்பிரிவுல இருக்கிற தண்ணியும் காத்தும்தான் இங்கயும்"னாங்க. ஆனாலும் அவங்க சொன்னதை அப்படியே எழுதணும், நாம மாத்தி எழுதக் கூடாதுன்னு எழுதிட்டாங்க. ரெண்டு நாள்ல வலப்பனைப் பக்கம் கெளம்பணும்.

மறுநாள் காலையில, போறதுக்கு முன்னாடி பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் குடுக்கலாம்னு பெரிய டின் பிஸ்கட்டு வாங்கி வரச் சொன்னாங்க. எத்தனை பிள்ளைன்னு எண்ணி எடுத்துட்டுப் போன்னாங்க. எனக்கு இருவது வரைக்கும் எண்ண வரும், அதுக்கு மேல குழம்பும். அதனால எனக்குத் தெரிஞ்ச வழியில செஞ்சேன். கீப்பிரிவுக் கருப்புக் கொட்டையை வரிசையா வச்சு, ஒரு கொட்டைக்கு ஒரு பிஸ்கட்டுன்னு எடுத்துக்கிட்டேன். கொடி மாத்தினப்புறம் பொறந்தது எல்லாம் பிள்ளைக் காம்பராவுலதான இருக்கும்.

போயி ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன். தொட்டில்ல கெடக்கிற பச்சப்பிள்ளைக்குக்கூட ஆயா கையில குடுத்தேன். முடிஞ்சப்ப என் பையில பதினோரு பிஸ்கட்டு மிச்சம்.

"இன்னும் பிள்ளைங்க எங்க ஆயா?"

"எல்லாம் இங்கதாங்க இருக்கு. இன்னைக்கு ஒண்ணுகூட வராம நிக்கல."

"காய்ச்சலு கீய்ச்சலுன்னு லயத்து வீட்டுல யாராச்சும்?"

"இல்லைங்களே"ன்னுச்சு. அப்புறம் என் கையில இருந்த மிச்சத்தைப் பாத்துச்சு. பாத்துட்டு, முந்தானையால ஒரு பிள்ளையோட மூக்கைத் தொடைக்க ஆரம்பிச்சுருச்சு.

பாக்கியத்தோட மக மட்டும் வாசல்ல உக்காந்து பிஸ்கட்டை ஓரம் ஓரமாக் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு. இந்தப் பிள்ளை ஒண்ணுதான். ஆனா மூணு கருப்பு. எனக்குப் புரிஞ்சுபோச்சு. நான் புத்திசாலின்னு இல்ல. ரயில்ல நான் பண்ணினதையே அவங்களும் பண்ணியிருக்காங்க.

டாக்டரம்மாகிட்ட நேராப் போகல. ரொட்டியும் சம்பலும் போட்ட கையைக் காட்டிக் குடுக்க மனசு வரல. லயத்துக்கு, தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற வரிசை வீட்டுக்குப் போனேன். காத்தாயி அக்கா அடுப்படியில ரொட்டிக்கு மாவு பெசஞ்சுக்கிட்டு இருந்தாங்க. பதினோரு பிஸ்கட்டையும் அவங்க முன்னாடி பலகையில வரிசையா வச்சேன்.

அவங்க மாவு விரலால ஒவ்வொண்ணாத் தொட்டு எண்ணினாங்க. அப்புறம் மெதுவா விவரம் வந்துச்சு. நாங்க கீப்பிரிவுக்கு வர்றதுக்கு மொத நாளு மருந்தய்யா, சட்டியில வெள்ளை விழுந்தா காத்தாயி இனிமே பிரசவம் பாக்க எந்த வீட்டுக் காம்பராவுக்குள்ளயும் போக முடியாதுன்னு சொல்லிட்டாராம். பொம்பளைங்களுக்குப் பயம். காத்தாயி இல்லைன்னா வலி வந்ததும் கொழுந்து ஏத்துற லாரியில மலைப்பாதையில போகணும், வழியிலயே பெக்கணும். பீலியில தண்ணி பிடிக்கிறப்ப எல்லாரும் கூடிப் பேசி, யாரும் வெள்ளையைத் தொடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க.

"சரிக்கா, வெள்ளையைப் போடல. அப்படியே விட்டுர வேண்டியதுதான? கருப்பு எதுக்குப் போட்டாங்க?"ன்னு கேட்டேன்.

"கழிச்சுருங்கன்னுதான் தம்பி நானும் சொன்னேன். யாருக்கும் கை வரல." மாவுக் கையைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க. "கொழுந்து நிறுக்கிறப்ப கணக்கப்பிள்ளை தண்ணிக் கழிவுன்னு ரெண்டு ராத்தல் கழிப்பாரு. நாங்க சுமந்ததைக் கழிக்கத்தான் அவரு இருக்காரே. பிள்ளையையுமா நாங்களே கழிக்கிறது?"

"பாக்கியத்தோடது ரெண்டா?"ன்னேன்.

"ரெண்டும் என் கையிலதான். ரெண்டு தடவையும் இப்படித்தான் காலு வீங்கிச்சு. தலைவலின்னுச்சு. கண்ணு மங்குதுன்னுச்சு."

"இப்பவும் வீங்கியிருக்குதேக்கா."

"நான் பாக்கலன்னா நெனைக்கிற?"

"அந்த டாக்டரம்மா இதைப் பாக்கத்தான் கடல் தாண்டி வந்திருக்காங்க. வெள்ளை விழுந்திருந்தா, யாரு மாசமா இருக்கான்னு பாக்க நேத்தே இங்க வந்து உக்காந்திருப்பாங்க. வெறும் கருப்பைப் பாத்துட்டு, இங்க எல்லாம் நல்லா இருக்குன்னு நாளைக்குக் கெளம்பிருவாங்க"ன்னேன்.

அக்கா எந்திரிச்சு கையைக் கழுவினாங்க. கழுவுறாங்க, கழுவுறாங்க, நிறுத்தவே இல்ல. நான் காட்டிக் குடுக்கவும் இல்ல, மறைக்கவும் இல்ல. அந்த அக்காதான் சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு எனக்கு முன்னாடி நடந்தாங்க.

டாக்டரம்மா திட்டுவாங்கன்னு ரெண்டு பேரும் பயந்துதான் போனோம். அவங்க ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க"ன்னாங்க. காத்தாயி அக்கா உக்காரல. நின்னுக்கிட்டே லயம் லயமா, காம்பரா காம்பராவாச் சொன்னாங்க. எந்த மாசம், மழையா வெயிலா, ஆணா பொண்ணா, தலைமுடி இருந்துச்சா, எல்லாம் சொன்னாங்க. எந்த ஏட்டுலயும் இல்லாதது அந்த அம்மா தலைக்குள்ள இருந்துச்சு. டாக்டரம்மா ஒவ்வொண்ணுக்கும், மூச்சு இருந்துச்சா, நெஞ்சு துடிச்சுச்சா, எவ்வளவு நேரம் பாத்தீங்கன்னு கேட்டாங்க. ஒண்ணு மட்டும் லேசா முனகுச்சுன்னு அக்கா சொன்னதும், அது வெள்ளை இல்ல, ஒரு பக்கம் தேச்சதுன்னாங்க. அவங்க சொல்லச் சொல்ல நான் கருப்பை எடுத்துட்டு மாத்தி வச்சேன். பத்து வெள்ளை. மேல ஒண்ணு பாதி வெள்ளை. பிஸ்கட்டுக் கணக்கு சரியா வந்துச்சு.

கடைசியா பாக்கியத்தோட ரெண்டையும் மாத்தினப்ப, டாக்டரம்மா பேனாவை வச்சுட்டாங்க. "அந்தப் பொண்ணு இப்ப எங்க?"

மலையில இருந்துச்சு. கூட்டிட்டு வந்து பாத்தாங்க. கையில பட்டி கட்டி பம்ப் அடிச்சுப் பாத்தவங்க முகம் மாறிப்போச்சு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும், இன்னைக்கே, இப்பவேன்னாங்க. பாக்கியம் மாட்டேன்னு காத்தாயி அக்கா கையைப் பிடிச்சுக்கிச்சு. "அவங்களும் வருவாங்க"ன்னாங்க டாக்டரம்மா. மருந்தய்யா என்னமோ சொல்ல வாயெடுத்தாரு. "பத்தையும் ஒளிக்காமச் சொன்னது இவங்க ஒருத்தர்தான். இவங்களை வெளிய நிறுத்தினா அடுத்த வருஷம் எனக்கு யாரு சொல்லுவா? துரைகிட்ட நானே பேசிக்கிறேன்"ன்னாங்க. அவரு லாரிக்குச் சொல்லப் போயிட்டாரு.

கொழுந்து லாரியில சாக்கு விரிச்சு, அது மேல கம்பளி போட்டுக் கூட்டிட்டுப் போனோம். ஒரு வளைவுல லாரிச் சக்கரம் சேத்துல இறங்கிருச்சு. பக்கத்து மலையில கொழுந்து எடுத்த பொம்பளைங்க இருவது பேரு கூடையைக் கழட்டி வச்சுட்டு வந்து தள்ளினாங்க. கங்காணி மேல நின்னு கத்திக்கிட்டே இருந்தாரு, ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. அதுல பாதிப் பேரு சட்டியில பொய்க் கருப்பு போட்டவங்க.

வலப்பனைப் பயணம் ரெண்டு நாள் தள்ளிப்போச்சு. மூணாம் நாள் சாமானோட கெளம்பி ஆஸ்பத்திரி வாசல்ல நின்னோம். டாக்டரம்மா உள்ள போனாங்க. நான் வெளிய பெட்டியோட நின்னேன். நிக்கிறேன், நிக்கிறேன், பனி வந்து பெட்டியெல்லாம் நனைஞ்சுபோச்சு. காத்தாயி அக்கா வெளிய வந்தாங்க. அவங்க முகத்தைப் பாத்து ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியல.

"அழுதுச்சாக்கா?"ன்னேன்.

"வந்து கேளு"ன்னு என் கையைப் பிடிச்சு ஜன்னல்கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க. உள்ள ஒரு பிள்ளை கத்திக்கிட்டு இருந்துச்சு. சின்னதா, கீச்சு கீச்சுன்னு, ஆனா விடாமக் கத்துச்சு. பையன். பாக்கியமும் பொழச்சுக்கிச்சு. அக்கா அந்தச் சத்தத்தை, பாட்டுக் கச்சேரி கேக்குறவங்க மாதிரி தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டு நின்னாங்க.

நான் பையைத் திறந்து சிவப்புக் குல்லாவை எடுத்து அவங்க கையில குடுத்தேன்.

"ஏன் தம்பி, உனக்குக் கண்ணு தெரியலையா? இது முழுப் பிள்ளையையும் மூடிரும்."

"வளரட்டும்க்கா"ன்னேன்.

டாக்டரம்மா பின்னால வந்து நின்னதை நான் பாக்கல. "அது உன் மூத்த பையனுக்கு வாங்கினதாச்சே"ன்னாங்க.

"அவன் அழலம்மா"ன்னேன். பன்னெண்டு வருஷத்துல அதை நான் வாய்விட்டுச் சொன்னது அன்னைக்குத்தான், அதுவும் கடல் தாண்டிப் போயி.

பஸ் வந்துச்சு, ஏறினோம். ரொம்ப தூரம் போனதுக்கு அப்புறம் டாக்டரம்மா சொன்னாங்க: "இது இந்த ஊருக் கணக்குல சேராது முத்தையா. நம்ம ஊருக்குப் போயி எண்ணுறப்ப எழுதிக்கிறேன்." நம்ம ஊர்ல அவங்க எண்ணினாங்களா, இல்லையா, எனக்குத் தெரியாது. அடுத்த வருஷமே நான் வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து மூணு குல்லாவைக் குடுத்தேன். இந்த வெயில்ல குல்லாவான்னு தெருவே சிரிச்சுச்சு. என் சம்சாரம்கிட்ட மட்டும், நாலு வாங்கினாங்க, ஒண்ணை அங்க பொறந்த பிள்ளைக்குக் குடுத்துட்டேன்னு சொன்னேன். அவ யாரோடதுன்னு கேக்கல. என்ன கலருன்னு கேட்டா. சிவப்புன்னேன். "குஞ்சம் வச்சதா?"ன்னா. ஆமான்னேன்.

செல்வி பேனாவை வச்சுட்டு உக்காந்திருக்கா. இத்தனை வருஷமா வீட்டுல தன்னை ரெண்டாவது பிள்ளைன்னு சொல்லிக்கிட்டு இருந்தவ. "அப்பா, அப்ப நான் ரெண்டாவதா, மூணாவதா?"ன்னு கேக்குறா.

மூணாவதும்மா. எழுது.